நெவிலின் பீரைக் கிளறிய மூன்று காலைகள்

விமான நிலையத்தில் என் பையைத் திறந்த பெண் கறிவேப்பிலைப் பொட்டலத்தை எடுத்து முகர்ந்து பார்த்தாள். ஏதோ சொல்லிவிட்டு அதை ஒரு மஞ்சள் தொட்டியில் போட்டாள். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற சேலத்து அம்மா மொழிபெயர்த்தார். "வாசனை ரொம்ப நல்லா இருக்காம். ஆனா பச்சை இலை நாட்டுக்குள்ள வரக் கூடாதாம். மன்னிச்சுக்கச் சொல்றா." பட்டையும் ஏலக்காயும் தப்பித்தன. அடியில் துண்டு சுற்றி வைத்திருந்த பட்டுப்புடவையை அவள் தொடவே இல்லை. எனக்கு அதுதான் முக்கியம்.

அந்தப் புடவையைக் கொண்டுசேர்க்கத்தான் ஆரணியிலிருந்து நியூசிலாந்து வரை போனேன். என் அக்கா மகன் தினகரன் அங்கே டனீடின் என்ற ஊரில் வேலை செய்கிறான். அந்த ஊர்ப் பெண் மேகனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னான். அக்காவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அத்தான் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. ஆகவே மாப்பிள்ளை வீட்டு மொத்த ஜனத்துக்கும் ஒரே ஆளாக என்னை ஏற்றிவிட்டார்கள்.

இதற்கு நான் பொருத்தமான ஆள் இல்லை. பத்தாவது வரை படித்தவன். சேவூர்ப் பக்கம் சின்ன சாயப்பட்டறை வைத்திருக்கிறேன். பட்டு நூலுக்கு நிறம் ஏற்றுவதுதான் தொழில். நெசவுக்காரர்களிடமும் கடைக்காரர்களிடமும் என் மனைவிதான் பேசுவாள். நான்கு பேர் எதிரில் நின்றால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அக்காவுக்கும் அது தெரியும். "நீ பேச வேணாம்டா. பொண்ணோட அப்பா எப்படிப்பட்ட ஆளுன்னு பாத்துகினு வந்து சொல்லு, போதும்" என்றாள்.

தினகரன் தங்கியிருந்தது ஒற்றை அறை. அதனால் மேகனின் அப்பா நெவில் வீட்டில் என்னைத் தங்க வைத்தார்கள். தெரு மலைமேல் ஏறுவதுபோல் செங்குத்தாக இருந்தது. கார் நின்றதும் அது பின்னால் உருண்டுவிடுமோ என்று கதவைப் பிடித்துக்கொண்டேன். வாசலில் நெவில் நின்றார். அறுபத்தைந்து வயது இருக்கும். ரயில் பெட்டி பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து நான்கு வருஷமாகத் தனியாக இருக்கிறார். என்னைப் பார்த்ததும் கை கூப்பினார். நான் கை குலுக்க நீட்டினேன். இரண்டு பேரும் சட்டென்று மாற்றிக்கொண்டோம். இப்போது அவர் கை நீட்டி நிற்க, நான் கூப்பி நின்றேன்.

"இன்னா மாமா, கபடி ஆடறீங்களா?" என்றான் தினகரன்.

நெவில் சிரிக்கவில்லை. அவரும் என்னைப்போல் அதிகம் பேசாத ஆள் என்று அப்போதே புரிந்துவிட்டது. எனக்கு அது பெரிய நிம்மதி.

அங்கே அது கோடைக்காலம். ஆனால் நம் ஊர் மார்கழியை இரண்டு மடங்காக்கியது போன்ற குளிர். ராத்திரி ஒன்பது மணிக்கும் வெளிச்சம் போகவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு நெவில் என்னைக் கார் நிறுத்தும் கொட்டகைக்குக் கூப்பிட்டார். உள்ளே கார் இல்லை. பெரிய எவர்சில்வர் பானைகள், ரப்பர் குழாய்கள், வெப்பமானி, தராசு எல்லாம் இருந்தன. சுவரில் நீளமான கரண்டிகள் உயர வாரியாகத் தொங்கின. ஒரு நிமிஷம் என் பட்டறைக்குள்ளேயே போய்விட்டதாக நினைத்தேன். நடுவில் இடுப்பு உயரத்தில் ஒரு வெள்ளை டிரம். மூடியில் செருகியிருந்த, தண்ணீர் நிரப்பிய சின்னக் குழாயில் கொஞ்ச நேரத்துக்கு ஒரு முறை 'டுப்' என்று ஒரு குமிழி உடைந்தது.

"பீரு மாமா" என்றான் தினகரன், குரலைத் தாழ்த்தி. "கல்யாணத்துக்கு. வீட்டுலயே காய்ச்சறாரு. இந்த ஊருல அது தப்பில்ல. நெறைய பேரு பண்றாங்க. அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது. ஆரணியில் சாராயக் கடை இருக்கும் தெருவில் போவதென்றால் குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு போகிறவன். ஆனால் பானையும் குழாயும் வெப்பமானியும் இருக்கும் இடத்தில் எனக்குக் கூச்சம் போய்விடும். எந்தத் தண்ணீர் ஊற்றினார் என்று கேட்கச் சொன்னேன்.

தினகரன் மொழிபெயர்த்ததும் நெவில் என்னை முதல் முறையாக நேராகப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் இந்தக் கொட்டகைக்கு வந்தவர்களில் முதல் கேள்வியாகத் தண்ணீரைப் பற்றிக் கேட்டது நான்தான் என்றார். அவர்கள் ஊர்த் தண்ணீர் மிருதுவானதாம். அதில் அளந்து கொஞ்சம் உப்புச் சேர்க்க வேண்டுமாம். எங்களுக்குத் தலைகீழ். ஆரணியில் போர் தண்ணீர் கடினமாக இருக்கும். அதில் சாயம் போட்டால் மாம்பழ மஞ்சள் மங்கிப்போகும். நல்ல தண்ணீரை டேங்கரில் வாங்குகிறோம் என்றேன். நெவில் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்து அவருடைய தண்ணீர்க் கணக்கைக் காட்டினார். எனக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. முழுவதையும் பார்த்தேன்.

பீர் காய்ச்சுவதைப் பற்றி அன்று தெரிந்துகொண்டதை என் வார்த்தையில் சொல்கிறேன். முளைகட்டிக் காயவைத்த பார்லியை உடைத்துச் சூடான தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவிடுகிறார்கள். இனிப்பெல்லாம் தண்ணீரில் இறங்கிவிடும். அந்தச் சாறை வடித்து, ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து ஆறவிடுகிறார்கள். பிறகு ஈஸ்ட். அது இனிப்பைத் தின்று போதையாக்கும். நெவில் இதை இரண்டு மாதம் முன்பே செய்துவிட்டார். தானியம் அதிகம் போட்டதால் இது சாதாரண பீரைவிட இரண்டு மடங்கு காரமானது, அதாவது போதை அதிகம். போன வாரம் மாம்பழத்தையும் அன்னாசியையும் வலைப்பையில் கட்டி உள்ளே இறக்கியிருந்தார். மாப்பிள்ளை ஊரின் ருசி அதில் இருக்க வேண்டுமாம். நான் கொண்டுவந்த பட்டையும் ஏலக்காயும் அதற்காகத்தான். அக்கா அதைப் பிரியாணிக்கு என்று நினைத்து அனுப்பியிருந்தாள்.

அலமாரியில் ஒரு கண்ணாடி ஜாடி இருந்தது. அதற்குள் பகடைக்காய் அளவில் வெட்டிய ஓக் மரத்துண்டுகள். மூன்று வாரமாக ரம்மில் ஊறுகின்றன. நெவில் மூடியைத் திறந்து என் மூக்கருகே நீட்டினார். வெல்லப்பாகு அடிபிடிக்கும்போது வரும் வாசனை, அதற்குள் மழையில் நனைந்த மரத்தின் வாசனை. ரம் அரக்கு நிறத்துக்கு வந்திருந்தது. மரம் நிறத்தை இறக்குகிறது, திரவம் அதை வாங்கிக்கொள்கிறது. இதை நான் ஆயிரம் தடவை பார்த்தவன். ஆனாலும் ஜாடியை வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்தேன்.

இவ்வளவு காரமான பீர் எதற்கு என்று கேட்டேன். தினகரன் கேட்டான். நெவில் ஜாடியை மூடினார். அலமாரியில் வைத்துவிட்டுச் சொன்னார்.

"காரமா இருந்தாதான் வருஷக்கணக்குல தாங்குமாம் மாமா" என்றான் தினகரன். "அவரு கல்யாணத்துக்கும் அவரே காய்ச்சினாராம். அதுல பத்து பாட்டில் எடுத்து வெச்சிட்டு, கல்யாண நாளுக்கு வருஷத்துக்கு ஒண்ணா அவரும் அந்தம்மாவும் தொறந்தாங்களாம். ஒவ்வொரு வருஷமும் ருசி மாறுமாம். எங்களுக்கும் அதே மாதிரி பத்து பாட்டில். மேகன் சின்னப் பொண்ணா இருந்தப்போலேருந்து சொல்லிகினு இருக்காராம்."

மறுநாள் காலை மரத்துண்டுகளை உள்ளே போடும் வேலை. நெவில் ஒரு தெளிப்பானால் கையையும் கரண்டியையும் பையையும் நனைத்தார். கிருமி ஒட்டாமல் இருக்க. மூடியைத் திறந்தார், மரமும் பட்டையும் ஏலக்காயும் கட்டிய துணிப்பையை ரம்மோடு இறக்கினார், மூடினார். ஐந்து விநாடி இருக்காது. ஏன் இத்தனை ஜல்தி என்று நினைத்தேன். நாங்களும் சாயப் பானையை மூடுவோம், சூடு போகாமல் இருக்க. இவர் வாசனை போகாமல் இருக்க மூடுகிறார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். எதையும் கேட்கிறவன் அதை மட்டும் கேட்கவில்லை.

அந்த ஐந்து விநாடியில் ஒன்றைப் பார்த்துவிட்டேன். பழப்பை மேலே மிதந்தது. அதில் பாதி திரவத்தில், பாதி வெளியே.

அன்று மாலை அக்கா போனில் வந்தாள். ஆள் எப்படி என்றாள். நல்ல மனுஷன், தண்ணியைப் பத்தி நல்லாத் தெரியுது என்றேன்.

"தண்ணியா? இன்னாடா சொல்ற? குடிகாரனா?"

"ஐயோ, குடிக்கிற தண்ணி இல்லக்கா. பைப்பு தண்ணி."

"பைப்பு தண்ணியைப் பத்தி தெரிஞ்சா நல்லவனா? உன்னைப் போயி அனுப்பினேன் பாரு."

நெவில் காலை ஆறு மணிக்குக் கடலில் நீந்தப் போவார். அந்தக் குளிரில்! ஒரு மணி நேரம் வீட்டில் நான் மட்டும். தூக்கம் மாறிப்போனதால் நாலு மணிக்கே விழித்துக்கொண்டு கிடந்தேன். மூன்றாம் நாள் காலை சும்மா இருக்க முடியாமல் கொட்டகைக்குப் போனேன். 'டுப்' சத்தம் கேட்டது. பாதி நனைந்த அந்தப் பழப்பை கண்ணுக்குள்ளேயே இருந்தது.

சாயக்காரனுக்கு இது எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டும். பட்டு நூல் கற்றையைக் கோலில் மாட்டிக் கொதிக்கும் சாயத்தில் தொங்கவிடுவோம். கீழ்ப்பாதிதான் முங்கும். மேல்பாதி கோலில் இருக்கும். அதைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். கீழது மேலே, மேலது கீழே. ஒரு நிமிஷம் அசந்தால் நிறம் சமமாக ஏறாமல் திட்டுத் திட்டாக விழும். முப்பது வருஷமாக என் கை செய்வது இந்த ஒரு காரியம்தான். பாதி நனைந்த பொருளைப் பார்த்தால் என் தோள் தானாக அசையும். இந்த மனுஷர் இத்தனை நோட்டுப் புத்தகம் வைத்திருந்தும் கிளற மறந்துவிட்டாரே என்று எனக்கு வருத்தமாக இருந்தது. சொல்ல பாஷை இல்லை. தங்க இடம் கொடுத்து, தினமும் ரொட்டி சுட்டுக் கொடுக்கிறார். பதிலுக்கு நம்மால் ஆன வேலை என்று நினைத்தேன்.

அவர் செய்தது போலவே கையைத் தெளிப்பானால் நனைத்தேன். கரண்டியை நனைத்தேன். மூடியைக் கழற்றி, அடியிலிருந்து மேல்வரை நூறு எண்ணும்வரை நிதானமாகக் கிளறினேன். பழமும் மரமும் உருண்டு புரண்டன. வெள்ளை நுரை பொங்கியது. வாசனை கொட்டகை முழுக்க நிறைந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். மூடிவிட்டு, கரண்டியைத் துடைத்து அதே ஆணியில் மாட்டினேன்.

அன்று பகலில் தனியாகப் பஸ்ஸில் ஊர் பார்க்கப் போனேன். திரும்பும்போது நெவில் வீட்டு நிறுத்தம் ஜன்னலில் தெரிந்தது. பஸ் நிற்கவில்லை. இறங்க வேண்டுமானால் கம்பியில் உள்ள பொத்தானை அழுத்த வேண்டுமாம். அது தெரிந்த பிறகும் அழுத்தக் கூச்சமாக இருந்தது. எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே. நம் ஆரணி பஸ்ஸில் நாம் வாயைத் திறக்கவே வேண்டாம். "சேவூரு யாருப்பா, தூங்கிகினு இருக்கியா?" என்று கண்டக்டரே உலுக்கி இறக்கிவிடுவார். இங்கே கண்டக்டரே இல்லை. கடைசி நிறுத்தம் வரை போனேன். ஓட்டுநர் பெண் திரும்பிப் பார்த்து ஏதோ கேட்டாள். "தேங்க் யூ" என்றேன். அதே பஸ்ஸில் திரும்பி வந்தேன். மறுபடியும் அழுத்தவில்லை. மூன்றாம் தடவை அவளே என் நிறுத்தத்தில் நிறுத்திவிட்டுக் கதவைக் காட்டினாள்.

நான்காம் நாளும் ஐந்தாம் நாளும் காலையில் கிளறினேன். ஐந்தாம் நாள் நுரை அவ்வளவாக வரவில்லை. சாயம் நூலில் ஏறி முடிந்தால் தண்ணீர் தெளிந்துவிடும். அதுபோல் இதுவும் பக்குவம் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த நாட்களில் நெவிலும் நானும் பேசாமலே பழகிவிட்டோம். ஒரு காலை ரொட்டியில் கறுப்பாக ஒரு பசையைத் தடவிக் கொடுத்தார். புளியும் உப்பும் சேர்த்துக் காய்ச்சிக் கருக்கினது போல் இருந்தது. பீர் காய்ச்சிய பின் அடியில் தங்கும் ஈஸ்ட்டிலிருந்துதான் அதைச் செய்கிறார்களாம். நான் மிளகு ரசம் வைத்துக் கொடுத்தேன். மூக்கிலிருந்து தண்ணீர் ஒழுக இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு, நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டார்.

ஆறாம் நாள் மூவரும் காரில் காஸ் சிலிண்டர் வாங்கப் போனோம். டிரம்மிலிருந்து பீரை மூடிய பீப்பாய்க்கு மாற்றும் நாள் நெருங்கியிருந்தது. காஸ் எதற்கு, அடுப்புக்கா என்று கேட்டேன். என் வாய் அன்று சும்மா இருந்திருக்கலாம்.

"நுரை வரதுக்கும், காத்தைத் தொரத்தறதுக்கும்" என்றான் தினகரன். நெவில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மேலும் சொல்லிக்கொண்டே போனார். நான் சந்தித்ததிலிருந்து அவர் அவ்வளவு பேசியதில்லை. "பீருக்கு மொத எதிரி காத்துதானாம் மாமா. ஈஸ்ட்டு வேலை முடிச்ச பொறவு துளி காத்து பட்டாலும் ருசி போயிடுமாம். மொதல்ல தெரியாதாம். நாள் ஆக ஆக நனைஞ்ச அட்டைப்பெட்டி மாதிரி ஆயிடுமாம். வருஷக்கணக்குல வைக்கற பீருன்னா ரொம்ப மோசமாம். அதான் அன்னிக்கி அஞ்சு செகண்டுல மூடினாரு, பாத்தீங்க இல்ல?"

பார்த்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மலைச்சரிவில் ஆடுகள் மேய்ந்தன. அவற்றை எண்ண ஆரம்பித்தேன். எண்ண முடியவில்லை. மூன்று காலை, காலைக்கு நூறு தடவை.

நெவில் கடைக்குள் போனதும் தினகரனிடம் சொல்லிவிட்டேன். அவன் முன்சீட்டில் அப்படியே திரும்பி உட்கார்ந்தான்.

"கெளறினீங்களா? எதுக்கு மாமா?"

"திட்டு விழுமேன்னு."

"பீருல ஏது மாமா திட்டு?" தலையில் கை வைத்துக்கொண்டான். பிறகு கடை வாசலைப் பார்த்தபடி மெதுவாகப் பேசினான். "அவர்கிட்ட சொல்லாதீங்க. கல்யாணத்துக்கு ஒண்ணும் ஆவாது, நாலு நாளுதான் கீது. அந்த பத்து பாட்டில் அடுத்த வருஷ கதை. அப்போ ருசி கெட்டுப்போனா, எங்கேயோ தப்பாயிடுச்சுன்னு அவரே நெனச்சுக்குவாரு. ரெண்டு வருஷமா என்கூட நாலு வார்த்தை பேசாத மனுஷன் மாமா. இன்னிக்கிதான் கார்ல இவ்ளோ பேசினாரு. பேஜாராக்கிடாதீங்க."

அவன் சொன்னதில் எனக்கு உறைத்தது, 'அவரே நெனச்சுக்குவாரு' என்பதுதான்.

ஒரு தடவை என் பட்டறையில் அரக்கு நூலில் திட்டு விழுந்துவிட்டது. எனக்குத் தெரியும். ஈரத்தில் தெரியாது என்று கொடுத்துவிட்டேன். புடவை நெய்து முடித்த பிறகுதான் வெளியே தெரிந்தது. நெசவுக்காரர் தறியில் ஈரக்கை வைத்துவிட்டதாகப் பழி அவர் தலையில் விழுந்தது. அவரும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பி, பல மாதம் கையைத் துடைத்துத் துடைத்து நெய்தார். நான் வாயைத் திறக்கவில்லை. கூச்சம் என்று அப்போது பெயர் வைத்துக்கொண்டேன். இங்கே பத்து வருஷம், வருஷத்துக்கு ஒரு பாட்டில். ஒவ்வொரு முறையும் அந்த மனுஷர் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டித் தன் தப்பைத் தேடுவார்.

வீட்டுக்கு வந்ததும் தினகரன் வேலைக்குப் போய்விட்டான். நெவில் கொட்டகையில் பீப்பாயைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன். "சாரி" என்றேன். அவர் நிமிர்ந்தார். சுவரிலிருந்து கரண்டியை எடுத்தேன். டிரம்மைக் காட்டினேன். மூடியைக் கழற்றுவதுபோல் காட்டிவிட்டு, காற்றில் கிளறிக் காட்டினேன். மூன்று விரலை நீட்டினேன். வெளியே சூரியனைக் காட்டினேன், காலை என்பதற்காக.

முதலில் அவருக்குப் புரியவில்லை. நான் ஏதோ யோசனை சொல்கிறேன் என்று நினைத்துத் தலையாட்டிச் சிரித்தார். மறுபடியும் முதலிலிருந்து செய்து காட்ட வேண்டியதாயிற்று. இந்த முறை என் நெஞ்சைத் தொட்டு, நான் என்று காட்டினேன். சிரிப்பு நின்றது.

பீப்பாயைக் கீழே வைத்தார். ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். குழாயில் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது, அவர் நிறுத்தவில்லை. நான் நிறுத்தினேன். பிறகு எழுந்து டிரம்மின் அடிக்குழாயைத் திறந்து ஒரு கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் பிடித்தார். வெளிச்சத்தில் பார்த்தார், முகர்ந்தார், ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடி இன்னொரு வாய். டம்ளரை என்னிடம் நீட்டினார். குடிக்கவில்லை, முகர்ந்தேன். மாம்பழம், பட்டை, அந்த அடிபிடித்த வெல்லம். எனக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு என்ன தெரியும்? அவர் நீளமாக ஏதோ பேசினார். குரல் உயரவில்லை. ஒரு வார்த்தையும் புரியாமல் கடைசி வரை நின்று கேட்டேன். பேசி முடித்ததும் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

மாலையில் தினகரனும் மேகனும் வந்தார்கள். சாப்பாட்டு மேஜையில் நெவில் அவர்களிடம் சொன்னார். தினகரன் என் பக்கம் திரும்பவே இல்லை, தட்டைப் பார்த்தபடி மொழிபெயர்த்தான். "இன்னும் நல்லாத்தான் இருக்காம். பழத்தோட இனிப்பு மிச்சம் இருந்துதாம், அதனால ஈஸ்ட்டு அந்தக் காத்துல கொஞ்சத்தை எடுத்துகிச்சாம். கல்யாணத்துக்கு ஆவும். ஆனா எடுத்து வைக்க முடியாதாம். ஒரு பாட்டில்கூட."

நெவில் உருளைக்கிழங்கை வெட்டிக்கொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

மேகன் என்னைப் பார்த்துக் கேட்டதைத் தினகரன் தமிழில் சொன்னான். "ஏன் கெளறினீங்கன்னு கேக்கறா." கோபமாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவள் ஒரு பள்ளிக்கூட டீச்சர்.

எழுந்து போய் அந்தப் புடவையைக் கொண்டுவந்து மேஜைமேல் பிரித்தேன். கல்யாண நாள் வரை காட்டக் கூடாது என்று அக்கா சொல்லியிருந்தாள். அது போகட்டும். மாம்பழ மஞ்சள் உடல், அரக்கு பார்டர், இரண்டும் என் பட்டறையில் நான் நிறம் ஏற்றிய நூல். நூலைக் கோலில் மாட்டித் திருப்புவதைக் கையால் செய்து காட்டினேன். திருப்பாவிட்டால் இங்கே வெளுப்பு, அங்கே அடர்த்தி என்று துணியில் தொட்டுத் தொட்டுக் காட்டினேன். தினகரன் மொழிபெயர்க்க வாயைத் திறந்தான், மேகன் கையமர்த்தினாள். அவளுக்குப் புரிந்திருந்தது. துணியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை உள்ளங்கையால் தடவிக்கொண்டு போனாள். அப்பாவிடம் ஏதோ சொன்னாள்.

"உங்க பீருக்கும் இதத்தான் பண்ணியிருக்காரு, அப்பா, அப்படின்றா" என்றான் தினகரன்.

நெவில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து துணியைத் தொட்டார். திட்டு இருக்கிறதா என்று தேடுவது தெரிந்தது. நானும் அவரோடு சேர்ந்து தேடினேன். கிடைக்கவில்லை.

அடுத்த மூன்று நாளும் அவர் என்னிடம் மரியாதையாகத்தான் இருந்தார். ரொட்டி வந்தது. நோட்டுப் புத்தகம் வரவில்லை. பீரைப் பீப்பாய்க்கு மாற்றியபோது நான் கொட்டகை வாசலிலேயே நின்றுகொண்டேன். நானாகத்தான் நின்றேன்.

கல்யாணம் கடலோரத்து மரக்கூடத்தில் நடந்தது. ஐம்பது பேர் இருப்பார்கள். காலையில் தினகரன் தாலி கட்டினான், அக்கா போனில் பார்த்து அழுதாள். மேகன் புடவையில் நடந்த நடை கொஞ்சம் வேகம்தான், ஆனாலும் புடவை அவளுக்கு எடுப்பாக இருந்தது. சாப்பாட்டுக்கு முன் பெண்ணின் அப்பா பேச வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். நெவில் எழுந்தார். ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தார். நான்கு வரி படித்தார், பிறகு காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். டம்ளரைத் தூக்கினார். தினகரன் என் காதில் சொல்லிக்கொண்டே வந்தான்.

"இந்த பீரை ரெண்டு பேரு பண்ணியிருக்கோம். ஒருத்தன் ரெண்டு மாசம் தொடாம இருந்தான். இன்னொருத்தரால மூணு நாளுகூட தொடாம இருக்க முடியல." கூடம் சிரித்தது. "நான் எடுத்து வைக்கறதுக்காகப் பண்ணேன். அவரு இன்னிக்கே குடிக்கற மாதிரி ஆக்கிட்டாரு. என் மனைவி இருந்திருந்தா அவரு பக்கம்தான் பேசியிருப்பா. இது நாளைக்குத் தாங்காது. அதனால ஒரு சொட்டு மிச்சம் வைக்காதீங்க."

பிறகு நெவில் என்னைக் கையால் காட்டினார். ஐம்பது முகமும் திரும்பியது. எழுந்து நின்றேன். கை கூப்பினேன். இந்த முறை அவரும் கூப்பினார்.

ஒரு வாய் குடித்தேன். முதலில் மாம்பழம், அப்புறம் அக்காவின் ஏலக்காய், அப்புறம் தொண்டையில் மரமும் ரம்மும் சேர்ந்து ஒரு சூடு. கடைசியில் கசப்பு, ஆனால் பாகற்காய்க் கசப்பு இல்லை. இன்னொரு வாய் குடித்துப் பார்த்தால்தான் இது என்ன என்று தெரியும் போலிருந்தது. குடித்தேன். அப்போதும் தெரியவில்லை. மூன்று மணிக்குப் பீப்பாய் காலி.

நான் கிளம்புவதற்கு முந்தின நாள் காலை நெவில் நீந்தப் போகவில்லை. கொட்டகையில் அடுப்பு எரியும் சத்தம் கேட்டது. போனேன். பெரிய பானையில் உடைத்த பார்லியும் சூடான தண்ணீரும். கட்டி கட்டியாக மிதந்தது. அவர் நீளக் கரண்டியை என்னிடம் நீட்டி, கடிகாரத்தைக் காட்டி, ஒரு விரலை உயர்த்தினார். ஒரு மணி நேரம். இங்கே கிளறத்தான் வேண்டும். அடியிலிருந்து மேலே, மேலிருந்து கீழே. ஒரு கட்டி விடாமல் கிளறினேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு நோட்டுப் புத்தகத்தில் ஏதோ எழுதி என்னிடம் திருப்பிக் காட்டினார். எனக்குப் படிக்க முடிந்தது என் பெயர் மட்டும்தான், எழுத்துப்பிழையோடு.

சாறு வடித்து, கொதித்து, ஆற மாலையாகிவிட்டது. ஈஸ்ட்டைப் போட்டார். இனி பழமும் மரமும் அவர் பொறுப்பு. முதல் கல்யாண நாளுக்குள் பத்து பாட்டில் தயாராகிவிடும் என்று மேகன் போனில் சொன்னதைத் தினகரன் தமிழில் சொன்னான்.

நெவில் மூடியை எடுத்து என் கையில் கொடுத்தார். டிரம்மின் விளிம்பைச் சுற்றி உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி மூடினேன். இறுகிவிட்டதா என்று அவர் சோதித்துப் பார்க்கவில்லை. நான் ஓரடி பின்னால் போய், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அவரும் பக்கத்தில் வந்து அப்படியே நின்றார்.